லெதர் என்றால் தோல்

எனக்குக் கோபம் சட்டென்று வந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடம்பத்தூர் பக்கத்தில் ஓர் அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேஸ்திரி என் நைனாவைப் பற்றி ஏதோ சொன்னான் என்று கையிலிருந்த முறத்தாலேயே அவன் மூஞ்சியில் ஒன்று வைத்தேன். வேலை போயிற்று. பிறகு நைனா வேலை செய்த செங்கல் சூளையிலேயே என்னையும் சேர்த்துவிட்டார். அங்கே கணக்குப்பிள்ளையோடு சண்டை. அதுவும் போயிற்று. "அவனவனுக்கு வாய் நீளும், இல்லாங்காட்டி கை நீளும். ஒனக்கு ரெண்டும் ஒண்ணாவே நீளுதேடா" என்று நைனா தலையில் அடித்துக்கொண்டார்.

எழுபதுகளின் நடுவில் திருவள்ளூருக்கும் வேப்பம்பட்டுக்கும் இடையே இருந்த ஓர் இரும்பு வார்க்கும் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. கேஷுவல் வேலை. கொஞ்ச மாதம் வேலை கொடுப்பார்கள், பிறகு 'பிரேக்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மறுபடி ஆள் விட்டுக் கூப்பிடும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பர்மனென்ட் ஆகிவிட்டால் இந்தப் பேஜாரு இல்லை. நைனாவும் சூளைக்குப் போவதை நிறுத்தலாம். அப்போதே அவருக்கு முதுகு நிமிரவில்லை, இருமினால் செங்கல் தூளாக வரும். எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் ஜெபம் செய்தாலும் சரி, சண்டை போட்டாலும் சரி, பேச்சு கடைசியில் அந்த ஒரு வார்த்தையில்தான் போய் முடியும். அம்மாவுக்கு அது சரியாக வாயில் நுழையாது. 'பர்மெண்டு' என்பாள்.

அந்த பர்மெண்டு எனக்குக் கிரிக்கெட் வழியாக வரும் என்று யாரும் நினைக்கவில்லை. நான் கிரிக்கெட் கற்றுக்கொண்டது ஏரியில். கோடையில் தண்ணீர் வற்றினதும் ஏரி உள்வாயில் மூன்று குச்சி நட்டு, கார்க் பந்தில் ஆடுவோம். கார்க் பந்துக்கு நுணுக்கம் ஒன்றும் வேண்டாம். ஓடி வந்து, பலம் கொண்ட மட்டும் வீச வேண்டியதுதான். எதிரில் நிற்கிறவன் முட்டியைக் காப்பாற்றிக்கொண்டால் அவன் பாக்கியம். எனக்கு அது நன்றாக வந்தது. கோபத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமில்லையா.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் இப்படி வீசிக்கொண்டிருந்தபோது கேப்டன் பார்த்துவிட்டார். அவர் டைம் ஆபீஸில் வேலை செய்தார், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர் இருக்கும். திருவள்ளூர்க் கோயில் தெருவில், பரம்பரையாகப் பெருமாள் கைங்கரியம் செய்யும் குடும்பம். காலையில் நெற்றியில் நாமத்தோடு வருவார். கிரவுண்டுக்கு வரும்போது முகம் கழுவி அதை அழித்துவிட்டு, விக்கெட் கீப்பர் கிளவுசை மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் குந்திக்கொள்வார். நல்ல மனிதர். இன்றுவரை அவரை நல்ல மனிதர் என்றுதான் சொல்வேன்.

"உன் வேகத்துக்கு கம்பெனி டீம்ல இடம் இருக்கு" என்றார். "ஆனா இந்தக் கார்க் எல்லாம் உதவாது. மேட்ச்ல லெதர் பால்தான். பழகிக்கணும்."

"பழகிக்கறேன் சார்" என்றேன். பந்தில் என்ன பழகுவது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் அந்தப் பந்தைக் கையில் கொடுத்தார். புத்தம் புதுசு. ரத்தச் சிவப்பு. நடுவில் வெள்ளை நூலில் தையல் புடைத்துக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் எண்ணெய் தடவின மாதிரி வழவழ என்று இருந்தது. ஓடி வந்து என் வழக்கப்படி ஒரு வீச்சு வீசினேன். பந்து கையை விட்டு எப்போது போயிற்று என்றே தெரியவில்லை. பேட்ஸ்மேனைத் தாண்டி, கேப்டனைத் தாண்டி, காம்பவுண்டு ஓரமாக இருந்த கேன்டீன் தண்ணீர் டிரம்மில் டமாரென்று போய் மோதியது.

"இன்னாடா, காக்கா ஓட்டுறியா?" என்று ஃபவுண்டரி ஆட்கள் கத்தினார்கள்.

அடுத்தது என் காலடியிலேயே விழுந்தது. அதற்கடுத்தது அம்பயராக நின்ற எலக்ட்ரீஷியனின் இடுப்பில் பட்டது. "அண்ணாத்தே, குச்சி அந்தாண்ட கீது. நான் இந்தாண்ட நிக்கிறேன்" என்றார் அவர் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே. கிரவுண்டே சிரித்தது. ஏரியில் என் பந்துக்குப் பயந்து ஓடின பயல்களை நினைத்துக்கொண்டேன். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சிரித்தவர்களில் ஒருவனையாவது அடித்திருப்பேன், ஆனால் சிரிக்காதவன் ஒருவனும் இல்லை. யாரை என்று அடிப்பது?

விஷயம் என் விரலில் இருந்தது. சூடான மணலையும் இரும்பையும் அள்ளி அள்ளி என் விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. தையல் எங்கே இருக்கிறது, வழவழப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. கேப்டன் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு யோசித்தார். வேலை முடிந்து கிளம்பும்போது சைக்கிளை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

"இதை நீயே எடுத்துண்டு போ. நடக்கறப்போ, சாப்பிடறப்போ, படுத்துக்கறப்போகூட கையில உருட்டிண்டே இரு. தானா பழகிடும். எங்காத்துல இதை உள்ள விடமாட்டா. சைக்கிள் பையிலயே கிடந்து வீணாப் போறது."

உள்ளே விடமாட்டார்கள் என்றால், விளையாட்டெல்லாம் கூடாது என்று கண்டிக்கிற வீடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐயோ பாவம் என்றுகூட இருந்தது. கம்பெனியின் ஒரே புதுப் பந்தை என்னை நம்பிக் கொடுத்துவிட்டாரே என்ற பெருமை வேறு. ரயிலில் கடம்பத்தூர் வரும்வரை எல்லோரும் பார்க்கட்டும் என்று மேலே போட்டுப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் அம்மா என் பேண்ட்டைப் பார்த்து அலறினாள். "அய்யோ, இன்னாடா தொடையில ரத்தம்?" பந்தைத் தேய்த்துத் தேய்த்துச் சாயம் ஒட்டியிருந்தது. ரத்தமில்லை, பந்துச் சாயம் என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்துவதற்குள், உள்ளே கட்டிலில் படுத்திருந்த நைனா எழுந்து வந்துவிட்டார். என் கையிலிருந்த பந்தை வாங்கக்கூட இல்லை. குனிந்து முகர்ந்தார்.

"இது தோலு" என்றார்.

"இல்ல நைனா, லெதர் பால்."

"லெதருன்னா இன்னாடா?"

நான் வாயைத் திறந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். லெதர் என்றால் தோல் என்று எனக்குத் தெரியாதா என்ன? எட்டாவது வரை படித்தவன். ஆனால் லெதர் பால், லெதர் பால் என்று வாய்க்கு வாய் சொன்னபோதெல்லாம் ஒரு தடவைகூட அது தோலாக என் மனதில் படவில்லை. அது ஏதோ இங்கிலீஷ் பொருளாகவே இருந்தது. மாட்டுத்தோல் என்று யாராவது தமிழில் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டு வாசலுக்கு அதைக் கொண்டுவந்திருக்க மாட்டேன்.

காரணம் இதுதான். அறுபதுகளில் நான் சின்னப் பையனாக இருந்தபோது, ஊரில் மாடு செத்தால் எங்கள் தெருவுக்குத்தான் ஆள் வரும். இழுத்துக்கொண்டு போய் உரித்துத் தோலை எடுத்துவிட்டு, மிச்சத்தைப் புதைக்க வேண்டும். அது எங்கள் ஆட்கள் தலையில் எழுதின வேலை என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் பெரிய வீட்டு எருது செத்து ஆள் வந்தபோது, நைனா வரமுடியாது என்று சொல்லிவிட்டார். அவரோடு இன்னும் சிலரும் நின்றார்கள். அந்த வருஷம் எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை, நடவும் இல்லை, அறுப்பும் இல்லை. அம்மா காதில் கிடந்ததை விற்றுச் சாப்பிட்டோம். அப்படித்தான் நைனா சூளைக்குப் போனார். இனிமேல் தன் வீட்டுக்குள் தோல் வராது என்று அன்றைக்குச் சொன்னார். சொன்னபடி நடந்தார். காலில் டயர் செருப்புதான் போடுவார். நான் முதல் சம்பளத்தில் வாங்கி வந்த பெல்ட்டைக்கூட, அது ரெக்சின்தான் என்று கடைக்காரனிடம் கேட்டு வந்த பிறகுதான் கட்ட விட்டார்.

"வெளிய வெச்சுட்டு வா" என்றார் இப்போதும். திட்டவில்லை. அதனாலேயே எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கேப்டன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. எங்காத்துல உள்ள விடமாட்டா. அடப்பாவி, விளையாட்டை அல்ல, தோலை! கோயில் வேலை செய்கிற வீட்டுக்குள் தோல் போகாது. அப்படியென்றால் எங்கள் வீடு மட்டும் தோல் வைக்கிற இடமா? பந்தைக் கொடுத்தது என்னை நம்பி இல்லையா, நான் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தா? அன்றைக்கு ரயிலில் மேலே போட்டுப் பிடித்துக்கொண்டு வந்தேனே, அதை நினைத்தால் இப்போதும் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. காலையில் போய்ப் பந்தை அவர் மேசைமேல் வீசிவிட வேண்டும் என்று பொருமினேன்.

அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "ஆத்திரத்துல பர்மெண்டைத் தொலைச்சுடாதடா." அவ்வளவுதான், சோற்றை முழுங்கினேன், கோபத்தையும் முழுங்கினேன்.

ஆக, பெருமாள் வீட்டிலும் இடமில்லை, எங்கள் வீட்டிலும் இடமில்லை என்று அந்தப் பந்து எங்கள் வாசல் முருங்கை மரத்தில் ஒரு மஞ்சள் பையில் தொங்கியது. விடிவதற்கு முன்னால் எழுந்து, மரத்தடியில் குந்திக்கொண்டு, பந்தை உருட்டுவேன். வெந்நீரில் விரலை ஊறவைத்துக் கருங்கல்லில் தேய்த்துக் காய்ப்பைக் கரைத்தேன். முதலில் தையலில் விரல் வைத்தால் கொப்புளம் வந்தது. கொப்புளம் உடைந்து புதுத்தோல் வந்தபோது, கண்ணை மூடிக்கொண்டே தையலைக் கண்டுபிடிக்க முடிந்தது. தையலை நேராக நிறுத்தி விட்டால் பந்து காற்றில் நேராகப் போகிற மாதிரி போய்க் கடைசியில் மெல்ல விலகியது. முதல் தடவை அது நடந்தபோது சந்தோஷத்தில் தனியாகக் கத்திவிட்டேன். தெரு நாய்கள் குரைத்தன.

நாய்களுக்கும் அந்தப் பந்தின்மேல் கண்தான். தோல் வாசனை அவற்றுக்குத் தெரியாதா? ஒரு நாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் பை நாய்க்கு எட்டாத மேல்கிளையில் இருந்தது. பனியில் நனையாமல் இருக்க மேலே ஓர் உடைந்த சட்டியும் கவிழ்த்திருந்தது. அம்மாவைக் கேட்டேன். "உங்க நைனாதான்" என்றாள். பந்தைக் கையால் தொடாதவர், பைக் காதைப் பிடித்து ஏற்றிக் கட்டியிருக்கிறார். தினமும் சாயங்காலம் முடிச்சை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். நான் அதைக் கவனித்தது அவருக்குத் தெரியாது.

கும்மிடிப்பூண்டி பக்கம் அப்போதுதான் கம்பெனிகள் முளைக்கத் தொடங்கியிருந்தன. அதில் ஒரு கம்பெனியோடு எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்ச். எங்கள் மேனேஜரே பார்க்க வருகிறார் என்று பேச்சு. மெட்ராஸ்காரர். கேஷுவல் ஆட்களில் யாரைப் பர்மனென்ட் செய்வது என்பது அவர் கையெழுத்தில் இருந்தது. "நன்னாப் போட்டேன்னா நானே அவர்கிட்ட உன் பேரைச் சொல்றேன்" என்று கேப்டன் வாக்குக் கொடுத்தார்.

ஞாயிறு காலை நான் சர்ச்சில் ஜெபத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவேனோ என்ற பயத்தில், கேப்டன் கம்பெனி வேனை எங்கள் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டார். அவர் எங்கள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. நான் பேண்ட் மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் அவர் மரத்தைப் பார்த்துவிட்டார்.

"பால் ஏன் மரத்துல தொங்கறது?" என்று கேட்டார்.

நான் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். நாய்க்குப் பயந்து, எலிக்குப் பயந்து என்று. நைனா முந்திக்கொண்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பணிவாக, ஆனால் தெளிவாகச் சொன்னார்.

"எங்க ஊட்ல தோலு உள்ள வெக்கிறதில்ல சாமி."

எனக்கு மானம் போயிற்று. கோயில் தெருக்காரரிடம் போய், சேரிக் குடிசை வாசலில் நின்றுகொண்டு, அவர்கள் வீட்டு வார்த்தையை இவர் சொல்கிறாரே! நம்மைப் பார்த்து இவர்களும் ஆசாரம் பழகுகிறார்கள் என்று நினைக்க மாட்டாரா? எருது செத்த கதையை அவருக்கு யார் சொல்வது? நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேப்டன் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "எங்காத்துலயும் அப்படித்தான் பெரியவரே. சரியாப் போச்சு போங்கோ!" கெட்ட சிரிப்பில்லை. அவருக்கு நிஜமாகவே அது வேடிக்கையாக இருந்திருக்கிறது. "வண்டியில இடம் இருக்கு. நீங்களும் வாங்கோ, பையன் ஆடறதைப் பாருங்கோ" என்றும் கூப்பிட்டார். நைனா வரமாட்டார் என்று நினைத்தேன். வெள்ளை வேட்டி எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து வேனில் ஏறிவிட்டார்.

ஆரணி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அவருக்கோ குஷி. "ஏன்டா, அந்த மூணு குச்சியை அடிக்கணும்னா கிட்டக்கப் போய் அடிக்க வேண்டியதுதான? இன்னாத்துக்கு அவ்ளோ தூரத்துலருந்து அடிக்கறீங்கோ?" என்று கேட்டார். வேனே சிரித்தது. "சும்மா இரு நைனா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

மேட்சில் எனக்குக் கொடுத்தது வேறொரு புதுப் பந்து. பெட்டியிலிருந்து அப்போதுதான் பிரித்தது. கையில் வாங்கினதும் முதல் நாள் கேன்டீன் டிரம்தான் ஞாபகம் வந்தது. முதல் பந்து வைடு. இரண்டாவதும் வைடு. மைதான ஓரத்தில் பந்தலுக்குக் கீழே நாற்காலியில் மேனேஜர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்தலுக்கு வெளியே, வெயிலில் நைனா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி நடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, முருங்கை மரத்தடியில் செய்ததுபோல், தையலைத் தேடினேன். விரலில் அது தட்டுப்பட்டது. அடுத்த பந்து நேராகப் போய்க் கடைசியில் விலகியது. பேட்ஸ்மேன் நேரே போகும் என்று நம்பி மட்டையை நீட்டினான். விளிம்பில் பட்டுக் கேப்டன் கிளவுசில் போய் உட்கார்ந்தது.

அன்றைக்கு என்னால் எதுவும் தப்பாகவில்லை. பெருமையடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அப்படி ஒரு நாள் எனக்கு அப்புறம் வரவே இல்லை. அவர்கள் ஆட்டம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் நாங்கள் ஜெயித்துவிட்டோம். ஸ்டம்பு எகிறினபோதெல்லாம் நைனா எழுந்து நின்று துண்டைச் சுழற்றினார். ஆட்டம் புரிந்ததோ இல்லையோ, குச்சி விழுந்தால் நல்லது என்பது புரிந்துவிட்டது.

முடிந்ததும் டீயும் போண்டாவும் கொடுத்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் நாற்காலியைச் சுற்றி ஆபீஸ் ஆட்கள் நின்றார்கள். நைனாவும் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். நான் கையில் மேட்ச் பந்தோடு போய் நின்றேன்.

"இவன்தான் சார்" என்றார் கேப்டன். அவருக்குத் தன் பொருள் விலைபோன சந்தோஷம். "ராப்பகலாப் பழகினான் சார். ஆனா ஒரு வேடிக்கை கேளுங்கோ. எங்காத்துலதான் தோல் பந்தை உள்ள விடமாட்டான்னு இவன்கிட்ட கொடுத்தேன். போய்ப் பார்த்தா, இவா ஆத்துலயும் உள்ள விடலையாம்! மரத்துல தொங்கவிட்டிருக்கா!"

மேனேஜர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பெரிதாகச் சிரித்தார்.

"அட, இவங்க வீட்டிலயா? தோலுக்கா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து. "நல்லா இருக்கே கதை! அப்படிச் சொல்லுங்க, பந்து ஏன் இவன் சொன்னபடி கேக்குதுன்னு இப்பத்தான் தெரியுது. தோலைப் பழக்கறதுக்கு இவங்களுக்குச் சொல்லியா கொடுக்கணும்? ரத்தத்துலயே இருக்குமே!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். கேப்டன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. கிளவுசைக் கழற்றப்போனவர் பாதியில் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் எனக்கு நாலு எட்டு தூரத்தில் உட்கார்ந்திருந்தார். என் கையில் பந்து இருந்தது. நான் ஒன்றும் நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை, ஆனால் என் விரல்கள் தாமாகவே தையலைத் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டன. தோள் இறுகியது. மில் மேஸ்திரி மூஞ்சியில் முறம் விழுவதற்கு முன்னால் இப்படித்தான் இறுகியது. இன்னும் ஒரு விநாடி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததைவிட நன்றாக நைனாவுக்குத் தெரியும்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மற்ற எல்லோருடைய சிரிப்பையும்விடப் பெரிதாக. நைனா இரண்டு கையையும் கும்பிட்டபடி எனக்கும் மேனேஜருக்கும் நடுவில் வந்து நின்றிருந்தார். துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது.

"சரியாச் சொன்னீங்க தொரே!" என்றார். "எங்க ஆளுங்களுக்குத் தோலு சங்கதி சொல்லியா குடுக்கணும்? கைலயே ஊறிப்போனதாச்சே! இந்தப் பையனுக்கும் இன்னா, பொறக்கச்சொல்லவே வந்துட்ச்சு!" சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

பந்தலில் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். மேனேஜருக்குப் பரம திருப்தி. "பெரியவர் நல்ல தமாஷ்காரரா இருக்காரே" என்றார். கேப்டன் பக்கம் திரும்பி, "திங்கக்கிழமை இவன் பேப்பரை எடுத்துட்டு வாங்க" என்றார். நைனா இன்னொரு தடவை குனிந்து கும்பிட்டார். தன் நிழலில் என்னை நிறுத்திக்கொண்டு, முதுகாலேயே என்னைப் பின்னால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

எருது செத்த அன்றைக்கு ஊரே திரண்டு வந்து மிரட்டியும் சிரிக்காத மனிதர். அம்மா காது மூளியாக நின்றபோதும் இறங்காத மனிதர். என் கண் முன்னால் கும்பிட்டுச் சிரித்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. மேனேஜர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, நைனாவைப் பார்க்கத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி வெட்கப்பட்டதை நினைத்து வந்த வெட்கம் அதைவிடப் பெரியது. அது இன்னும் போகவில்லை.

திங்கட்கிழமை பேப்பரில் கையெழுத்தாகிவிட்டது. எனக்குப் பிறகு பிரேக் என்பதே வரவில்லை, ரிட்டயர் ஆகும்வரை அதே கம்பெனிதான். நைனா அந்த மாதமே சூளையிலிருந்து நின்றார். அதையெல்லாம் நல்லபடியாகவே சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

எங்கள் தெரு முனையில் வேனை விட்டு இறங்கும்போது கேப்டன் என் தோளைத் தொட்டார். "பந்தை நீயே வெச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார். வேன் போய்விட்டது. நைனா முன்னால் நடந்தார், நான் பின்னால். வாசல் வரும்வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"இன்னாத்துக்கு நைனா சிரிச்ச?" என்று கத்தினேன். என் குரலே எனக்கு அழுகையாகக் கேட்டது. "அந்த ஆளு அப்படிச் சொல்றான், நீ கும்புட்டுக்கினு நிக்கிற! வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்னு வந்துட்டிருப்பேன் இல்ல?"

நைனா மரத்தடியில் நின்று செருப்பைக் கழற்றினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பகலெல்லாம் வெயிலில் உட்கார்ந்ததில் குரல் கம்மியிருந்தது.

"வந்துட்டிருப்ப. அது எனக்குத் தெரியாதா? நீ சிரிக்க மாட்டடா. நம்ம பக்கத்துலருந்து யாராச்சும் ஒருத்தர் சிரிச்சாத்தான அந்த ஆளு கையெழுத்துப் போடுவான்? சரி, நாம கீறோமேன்னு சிரிச்சேன். உனக்கோசரம் ஒரு தபா. அவ்ளோதான்."

அவர் குனிந்து வாசலுக்குள் நுழைந்தார். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் அவர் பின்னாலேயே போனேன். என் ஒரு கால் படியில் இருக்கும்போது, உள்ளேயிருந்து நைனாவின் கை வாசல் நிலையில் குறுக்கே வந்தது. என் கையில் இன்னும் பந்து இருந்தது.

"தோலை வெளிய வெச்சுட்டு வா" என்றார்.